சாட்டின் சுருக்கம்: அறிகுறி பார்த்து நீக்கும் முறை

கருநீலச் சாட்டின் சட்டை ஒன்று இன்னும் என் அலமாரியில் தொங்குகிறது. போட்டுக்கொள்ள முடியாது, தூக்கி எறியவும் மனம் வரவில்லை. ஒருநாள் காலை, புறப்படப் பத்து நிமிடமே இருக்கும்போது அதன் மார்புப் பக்கத்தில் ஒரு மடிப்புக் கோடு கண்ணில் பட்டது. பருத்திச் சட்டைக்கு வைக்கும் அதே சூட்டில், அதே வேகத்தில் இஸ்திரிப் பெட்டியை இரண்டு இழுப்பு இழுத்தேன். கோடு போய்விட்டது. ஆனால் உள்ளே மடித்துத் தைத்திருந்த பையின் விளிம்பு முழுவதும் சட்டையின் மேற்பரப்பில் அச்சாக எழுந்து பளபளத்தது. மடிப்புக் கோட்டை வெறும் நீராவியாலேயே போக்கியிருக்கலாம். இந்த அச்சைப் போக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்த்த சாட்டின் சேதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான், சுருக்கத்தைப் போக்கப் போய் வந்தவை. ஆகவே இங்கே அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் துணியில் இருப்பது எந்த மாதிரிச் சுருக்கம் என்று பார்த்து அந்தப் பகுதிக்குப் போங்கள். எல்லாருக்கும் பொதுவான ஒரே ஒரு வேலை மட்டும் முன்னதாக இருக்கிறது.

முதலில், இது எந்த இழை?

சாட்டின் என்பது நெசவின் பெயர். இழையின் பெயர் அன்று. சாதாரண நெசவில் ஒரு நூல் அடுத்த நூலுக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று மாறி மாறிப் போகும். சாட்டின் நெசவில் அது நான்கு நூல்களையோ அதற்கு மேலுமோ தாண்டிய பிறகுதான் ஒருமுறை கீழே இறங்கும். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து உற்றுப் பாருங்கள். தாண்டிக் கிடக்கும் அந்த நீள நூல்கள் வாரி விட்ட தலைமுடிபோல ஒரே திசையில் படிந்திருப்பது தெரியும். பளபளப்பு அங்கிருந்துதான் வருகிறது. சிறு மடிப்புகூட நிழல் விழுந்து பெரிதாகத் தெரிவதும் அதனால்தான். அழுத்திப் பிடிக்க ஆளில்லாமல் கிடக்கும் அந்த நூல்களே இஸ்திரிப் பெட்டியின் கீழ் முதலில் நசுங்குகின்றன, நகம் பட்டால் முதலில் இழுபடுகின்றன.

இந்த நெசவைப் பட்டிலும் நெய்யலாம், பாலியெஸ்டரிலும் நெய்யலாம். அசிட்டேட், நைலான், விஸ்கோஸ் எல்லாவற்றிலும் நெய்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இவை சுருங்கும் விதம் வேறு, விரியும் விதமும் வேறு. பட்டும் விஸ்கோசும் ஈரத்துக்கு இளகுபவை: நனையும்போது இழைக்குள் இருக்கும் பிணைப்புகள் விடுபடும், உலரும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் தண்ணீரைக் கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை. அது சூட்டுக்கு இளகும். சுமார் 70 முதல் 80 டிகிரி செல்சியஸில் வளைந்து கொடுக்கத் தொடங்கி, குளிரும்போது விறைத்துக்கொள்ளும். உங்கள் சுருக்கத்துக்குத் தண்ணீர் மருந்தா, சூடு மருந்தா என்பதை இந்த ஒரு வேறுபாடே தீர்மானிக்கிறது.

லேபிள் இருந்தால் வேலை சுலபம். அதில் உள்ள இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் உச்ச வெப்பம் 110 டிகிரி, இரண்டு புள்ளி என்றால் 150, மூன்று என்றால் 200. சாட்டினில் மூன்று புள்ளியைக் கண்டால் அது பெரும்பாலும் பருத்தியில் நெய்த சாட்டீன் வகையாக இருக்கும். படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் பெட்டியே படக்கூடாது.

லேபிளை வெட்டி எறிந்திருந்தால், உள்தையலில் இருந்து இரண்டு சென்டிமீட்டர் நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, ஒரு தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, மிச்சம் விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் எரியும் வாடையும் மென்மையான சாம்பலும் என்றால் விஸ்கோஸ். உருகிச் சுருண்டு, கடினமான மணியாக நின்றால் பாலியெஸ்டர் அல்லது நைலான். உருகுவதோடு வினிகர் வாடையும் அடித்தால் அசிட்டேட். நெடுக்கு நூல், குறுக்கு நூல் இரண்டையும் தனித்தனியே கொளுத்த வேண்டும். முகம் பட்டு, முதுகு பருத்தி என்று கலந்து நெய்த துணிகளும் உண்டு. இவ்வளவுக்குப் பொறுமை இல்லாதவர்கள் எல்லாச் சாட்டினையும் ஒரு புள்ளித் துணியாக எண்ணி நடத்தினால் போதும். நேரம் கூடும், துணி பிழைக்கும்.

அறிகுறி: லேசான அலைகள், மடித்து வைத்ததன் மங்கலான கோடுகள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அகலமான, முனை மழுங்கிய ஹேங்கரில் மாட்டிக் குளியலறையில் தொங்கவிட்டு, வெந்நீரைத் திறந்து, கதவைச் சாத்தி வைத்தால் பதினைந்து நிமிடத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். தண்ணீர் தெறிக்காத தூரத்தில் தொங்கட்டும். வெளியே எடுத்த பிறகு கீழ் விளிம்பை இரு கையாலும் மெல்லப் பிடித்து, நூல் ஓடும் திசையில் ஒருமுறை இழுத்துவிடுங்கள். குறுக்காகவோ மூலைவாட்டிலோ இழுத்தால் துணி கோணிக்கொள்ளும்.

இந்தக் குளியலறை வைத்தியத்தை எல்லா நோய்க்கும் மருந்தாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். லேசான அலைக்கு இது கைகொடுக்கும். அழுத்தி மடித்து மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த கோட்டுக்கு ஒரு மணி நேரம் வைத்தாலும் ஒன்றும் நடக்காது.

அறிகுறி: உட்கார்ந்து எழுந்த இடத்தில் கசங்கல்

பாவாடை, கவுன் ஆகியவற்றின் பின்புறமும் முழங்கை மடிப்பும் இந்த வகை. உடல் சூடும் வியர்வை ஈரமும் சேர்ந்து செய்த வேலை இது. நீராவியும் அதே இரண்டால் ஆனது என்பதால் இங்கே கையில் பிடிக்கும் ஸ்டீமர்தான் சரியான கருவி.

ஸ்டீமரைப் போட்டதும் துணிக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் சில நொடிகள் அது நீராவியோடு வெந்நீர்த் துளிகளையும் துப்பும். அதைக் கழிவுத்தொட்டியில் துப்ப விட்டு, சீராக ஆவி வரத் தொடங்கியதும் துணியை உள்புறம் வெளியே வருமாறு திருப்பி மாட்டி, ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்துங்கள். மறு கை கீழ் ஓரத்தை லேசாக இழுத்துப் பிடித்திருக்கட்டும்; அந்தக் கை ஆவியின் பாதையில் நிற்க வேண்டாம். ஒரே இடத்தில் நிறுத்தித் துணியை நனைத்துவிடுவதைவிட மூன்று முறை கடந்து போவது மேல்.

ஸ்டீமர் இல்லாதவர்கள் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கலாம். பாலியெஸ்டருக்கு அது மட்டுமே பெரும்பாலும் போதும். பட்டுக்கு முதலில் கொஞ்சம் ஈரம் தேவைப்படும். அந்த ஈரத்தை எப்படிக் கொடுப்பது என்பது நீர் வளையப் பகுதியில் வருகிறது, அதைப் படிக்காமல் தெளிப்பானை எடுக்காதீர்கள்.

முடி நேராக்கும் கருவியால் சட்டை விளிம்பைத் தேய்க்கிற யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. அவற்றில் பல 200 டிகிரி வரை போகும். ஒரு புள்ளித் துணிக்கு அனுமதி 110 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கத்தி விளிம்புபோலக் கூர்மையான மடிப்புக் கோடு

புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த துணியில் நேர்கோடாக, சதுரம் சதுரமாகத் தெரிவது இதுதான். ஆவி மட்டும் பத்தாது, எடையும் வேண்டும். அதாவது இஸ்திரி.

பலரும் சறுக்குகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. நீராவி இஸ்திரிப் பெட்டியை ஒரு புள்ளியில் வைத்துவிட்டு ஆவிப் பொத்தானை அழுத்துவார்கள். அந்தச் சூட்டில் அடித்தகடு தண்ணீரை முழுவதும் ஆவியாக்கும் அளவுக்குக் கொதிப்பதில்லை. பொத்தானை அழுத்தினால் ஆவிக்குப் பதில் துளிகள் சொட்டும், சில நேரம் உள்ளே படிந்த சுண்ணாம்பும் துருவும் கலந்த பழுப்புத் துளிகள். ஆகவே ஆவியை அணைத்துவிடுங்கள். தேவையான ஈரத்தைப் பெட்டியிடம் கேட்காமல் துணியிடம் வாங்கிக்கொள்ளலாம்: சாயம் போகாத மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, சொட்டு விழாதபடி இறுகப் பிழிந்து, சாட்டினின் மேல் விரியுங்கள்.

சாட்டின் உள்புறம் மேலே தெரியும்படி கிடக்க வேண்டும். அதன் கீழே பலகையின் மேல் ஒரு தடித்த துண்டு. அதன் பிறகு பெட்டியை ஈரத்துணியின் மேல் வைத்து, ஐந்து நொடி எண்ணி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். இழுக்கக்கூடாது. வைத்தல், எடுத்தல், அவ்வளவுதான். பருத்தியைத் தேய்த்துப் பழகிய கை தானாக முன்னும் பின்னும் ஓடப் பார்க்கும். நீளமாகக் கிடக்கும் நூல்கள் அந்த ஓட்டத்தில் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுத் துணி அலை அலையாகிவிடும்.

ஈரத்துணி உலர்ந்ததும் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். கோடு பாதி குறைந்திருந்தால் மறுபடி நனைத்து இன்னொரு சுற்று போகலாம். சூட்டைக் கூட்டும் திருகைத் தொடாதீர்கள்.

அறிகுறி: தேய்க்கும்போது மறைகிறது, ஒரு மணி நேரத்தில் திரும்ப வருகிறது

இது துணியின் குறையே அன்று. சுருக்கம் நிஜமாகப் போவது பெட்டிக்கு அடியில் இல்லை. சூடு இறங்கும்போதும் ஈரம் உலரும்போதும்தான் இழை தன் புது நிலையை ஏற்றுக்கொள்கிறது. தேய்த்த சூட்டோடு மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தால், இளகியிருந்த இழை உங்கள் இருக்கையின் வடிவத்தில் இறுகும். முன்பைவிடப் பிடிவாதமாக.

தேய்த்த பகுதியைப் பலகையிலேயே அரை நிமிடம் ஆறவிட்டு, பிறகு ஹேங்கரில் கால் மணி நேரமாவது தொங்கவிடுங்கள். பட்டாக இருந்தால் அதற்கும் மேலே. அவசரம் என்றால் ஹேர் டிரையரின் குளிர்காற்றைக் காட்டலாம்.

அறிகுறி: எத்தனை முறை தேய்த்தாலும் கோடு அசைவதில்லை

பட்டு அல்லது விஸ்கோஸ் என்றால் உலர்ந்த துணியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மடிப்பில் மட்டும் ஈரம் காட்டினால் பத்தாது. துவைக்க அனுமதிக்கும் துணியானால் முழு ஆடையையும் குளிர்ந்த நீரில் ஒருமுறை நனைத்து, அடுத்த பகுதியில் சொல்வதுபோலத் துண்டில் சுருட்டி, லேசான ஈரம் இருக்கும்போதே தேய்த்து முடியுங்கள். விஸ்கோஸ் ஈரத்தில் வலுவிழக்கும் இழை. நனைந்திருக்கும்போது தூக்கி உதறக்கூடாது.

பாலியெஸ்டர் என்றால் அந்தக் கோடு எந்தச் சூட்டில் விழுந்தது என்பதே கேள்வி. வெந்நீரில் துவைத்தோ சூடான உலர்த்தியில் கசங்கிக் கிடந்தோ விழுந்த கோடு, 110 டிகிரியில் ஈரத்துணி வைத்து அழுத்தினால் இரண்டு மூன்று சுற்றில் இளகிவிடும். ஆனால் அளவுக்கு மீறிச் சூடான இஸ்திரிப் பெட்டியால் நீங்களே அழுத்தி உண்டாக்கிய கோடு வேறு ரகம். தொழிற்சாலையில் பாவாடைகளுக்கு நிரந்தர மடிப்பு வைக்கிற உத்தியே அதுதான்: மடி, கடும் சூடு கொடு, ஆறவிடு. அதை அழிக்க, விழுந்த சூட்டுக்கு மேலான சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பளபளப்பும் சேர்ந்து போகும். அந்த இடத்தை மறைக்கிற மாதிரி வேறு மடிப்பு வைத்துத் தைத்துவிடுவது என் யோசனை.

அசிட்டேட்டில் வெந்நீர்க் கசங்கல் விழுந்தால் கதை ஏறத்தாழ இதேதான். அது தவிர, நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் இருக்கும் அசிட்டோன் அசிட்டேட்டைக் கரைத்துவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். சுருக்கத்தோடு சம்பந்தமில்லை என்றாலும், ஒரு துளியில் ஓட்டை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: துவைத்து எடுத்ததும் முழுத் துணியும் நொறுங்கிய காகிதம்போல

வாஷிங் மெஷினின் வேகமான சுழற்சிதான் இங்கே காரணம். இதை உலரவிட்டுப் பிறகு தேய்க்கலாம் என்று நினைப்பது மணிக்கணக்கான வேலையை வரவழைத்துக்கொள்வது. உலரும் முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

மறுபடி குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். பிழியாமல் கையில் ஏந்தித் தூக்கி, தண்ணீர் வடிந்ததும் விரித்த பருத்தித் துண்டின் மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, சுருளின் மேல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். துண்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிரித்து ஹேங்கரில் மாட்டி, தையல் கோடுகள் ஒவ்வொன்றையும் இரு முனையிலும் பிடித்து நீவிவிட்டால், உலர்ந்த பிறகு இஸ்திரியே தேவைப்படாமல் போகலாம். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். வெயில் பட்டின் நிறத்தையும் வலுவையும் குறைக்கும்.

அடுத்த முறை வலைப்பைக்குள் போட்டு, குளிர்ந்த நீரில், மிகக் குறைந்த சுழற்சியில் விடுங்கள். மெஷின் நின்றதும் எடுத்துவிடுவது மிக முக்கியம். இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. சாட்டினோடு அது ஒத்துப்போகாது.

அறிகுறி: சுருக்கம் போய்விட்டது, நீர் வளையம் வந்துவிட்டது

பட்டிலும் அசிட்டேட்டிலும் இது அதிகம். தண்ணீர் துளியாக விழுந்த இடத்தில், துணியில் இருந்த கஞ்சி, மெருகுப்பூச்சு, அழுக்கு எல்லாம் கரைந்து ஈரத்தின் விளிம்புக்கு நகர்ந்து, உலரும்போது அங்கேயே வளையமாகத் தங்கிவிடுகின்றன. கறை புதிதாக வெளியிலிருந்து வந்ததில்லை. இருந்ததே இடம் மாறியிருக்கிறது. அதனால் அதைத் தேய்த்துக் கழுவ முயன்றால் இன்னும் பெரிய வளையம்தான் கிடைக்கும்.

முதலில் துணியின் உள்மடிப்பை எடுத்து, வளையத்தின் மேல் உலர்ந்த நிலையிலேயே, சாட்டினைச் சாட்டினால், மெல்ல உரசிப் பாருங்கள். லேசான வளையம் இதிலேயே மங்கும். அடுத்தது ஸ்டீமரைத் தள்ளிப் பிடித்து, வளையத்தையும் அதைச் சுற்றிய அகலமான பகுதியையும் ஒரே சீராகக் குளிப்பாட்டுவது. இரண்டுக்கும் மசியாவிட்டால், துவைக்கத்தக்க துணியை முழுவதுமாக நனைத்து ஒரே சீராக உலர்த்துவதுதான் தீர்வு. எல்லா இடமும் ஒன்றுபோல ஈரமானால் விளிம்பு என்ற ஒன்று இருக்காது. உலர்சலவை மட்டும் என்று லேபிள் சொன்னால் அதை உரியவரிடம் கொடுத்து, விழுந்தது வெறும் தண்ணீர் என்று சொல்லிக் கொடுங்கள்.

இந்த வம்பே வேண்டாம் என்றால், புதுத் துணி எதற்கும் உள்தையல் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து உலரவிட்டுப் பாருங்கள். தடம் விழுந்தால் அந்தத் துணிக்குத் தெளிப்பான் ஆகாது. தடம் விழாத துணிக்கும், காய்ச்சி வடித்த நீரைப் பனிபோல நுண்ணியதாகத் தெளிக்கும் பாட்டிலையே பயன்படுத்துங்கள். துவைத்த துணியை மிருதுவாக்கப் போடும் திரவத்தை நீரில் கரைத்துத் தெளிப்பது சாட்டினில் எண்ணெய்ப் பொட்டுகளை விட்டுச்செல்லும்.

அறிகுறி: தேய்த்த இடத்தில் கண்ணாடித் தடம், தையலின் அச்சு

என் கருநீலச் சட்டையின் நோய் இது. அழுத்தத்தில் நூல்கள் தட்டையாகி, அந்த இடம் மட்டும் ஒளியை வேறு கோணத்தில் திருப்புகிறது. பட்டில் என்றால், உள்புறத்திலிருந்து தாராளமாக ஆவி காட்டி, மென்மையான பிரஷால் நூலோட்டத்தில் நீவிவிட்டு உலரவிட்டால் நூல்கள் ஓரளவு எழுந்துகொள்ளும். பாலியெஸ்டரிலும் அசிட்டேட்டிலும் இழை இளகி நசுங்கியிருந்தால் அது திரும்பாது.

தடுப்பது எளிது. பை, பட்டன் பட்டி, விளிம்பு மடிப்பு, தையலுக்கு வெளியே உள்பக்கம் விட்டிருக்கும் மிச்சத் துணி என்று துணி இரட்டிப்பாகும் இடங்களில், அந்த மடிப்புக்கும் முகத்துணிக்கும் நடுவே ஒரு காகிதப் பட்டையைச் செருகிவிட்டுத் தேய்த்தால் அச்சு விழாது. எனக்கு இது தெரியவந்தது சட்டை போன பிறகு.

அறிகுறி: தேய்க்க வேண்டாத சுருக்கங்கள்

தையல் கோட்டின் இருபுறமும் மட்டும் சிறு சிறு நெளிவுகள் வரிசையாக நின்றால், துணி கசங்கவில்லை. தையல் நூல் இறுக்கமாக ஓடியிருக்கிறது அல்லது துவைத்ததில் நூல் சுருங்கியிருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் மீண்டும் நெளியும். தையலைப் பிரித்து நீளத் தையலாக மறுபடி தைக்க வேண்டும். கவுனின் கீழ்ப்பகுதி பலூன்போலத் தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே இருக்கும் லைனிங் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் தையல்காரர் வேலை. காலரிலும் கைப்பட்டியிலும் குமிழ் குமிழாக எழுந்திருப்பது உள்ளே ஒட்டிய கேன்வாஸ் பசை விட்டுப்போனதால். அதில் ஆவியை அடிக்க அடிக்கக் குமிழ்கள் கூடும்.

கல்லும் ஜிகினாவும் ஒட்டிய துணியில் அவை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு மட்டும் ஆவி காட்டுங்கள். பசை இளகும், பிளாஸ்டிக் ஜிகினா சுருளும்.

அறிகுறி: பெட்டி சறுக்காமல் இழுக்கிறது

உடனே தூக்கிவிடுங்கள். ஒன்று, இழை உருகத் தொடங்கியிருக்கிறது. அல்லது முன்பு எப்போதோ உருகிய எச்சம் அடித்தகட்டில் ஒட்டியிருக்கிறது. பெட்டி ஆறியதும் விரலால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு தெரியும். ஈரத்துணியால் துடைத்து, மறுபடி சூடாக்கி, பழைய பருத்தித் துணி ஒன்றின் மேல் நாலைந்து முறை ஓட்டிப் பாருங்கள். அதில் கறையோ நூல் இழுப்போ வராத பிறகே சாட்டின் பக்கம் திரும்பலாம். தடவும்போது ஆவி ஓட்டைகளின் ஓரத்தில் பிசிறு தட்டுப்பட்டால் அந்தப் பெட்டி இனிப் பருத்திக்கு மட்டும்.

வேலை முடிந்த துணியை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சட்டையும் நேர்வெட்டுக் கவுனும் அகல ஹேங்கரில், இருபுறமும் ஒரு விரல் இடைவெளியோடு தொங்கட்டும். மூலைவாட்டில் வெட்டித் தைத்த பாவாடையை மட்டும் தொங்கவிடாதீர்கள். தன் எடையாலேயே நீண்டு, விளிம்பு மேடும் பள்ளமுமாகிவிடும். அதைப் பழைய மெல்லிய பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி, மேலே பாரம் எதுவும் வைக்காமல், இழுப்பறையில் படுக்கவையுங்கள்.